ஒருவர் பெயரும் பலர் உழைப்பும்: ‘என் சரித்திரம்’ குறித்த ஓர் ஆய்வு

பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றைக் கூறப்புகுவோர் இருவரை முன்னிறுத்துவது வழக்கம். ஒருவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901), மற்றவர் சோழநாட்டு உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையர் (1855-1942). இருவரும் ஏட்டில் மறைந்து கிடந்த இலக்கண இலக்கியங்களைத் தேடி எடுத்துத் தமிழுலகுக்கு அளித்தவர்கள். ஆயின், தம் பதிப்புப் பணியின் நினைவுகளை விரிவாக எழுதிவைத்தவர் ஐயரே. அவரது ‘என் சரித்திரம்’ 1940 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1950 இல் நூலுருப் பெற்றது. தன்வரலாறு என்னும் பெயரைத் தாங்கினும், அந்நூலின் பிற்பகுதி பெரிதும் ஒரு கூட்டுமுயற்சியின் வரலாறாகவே அமைந்துள்ளது. பதிப்பாசிரியர் ஒருவர் தம்முடன் உழைத்தாரை எங்ஙனம் நினைவுகூர்கின்றார், அந்நினைவு யாருக்கு நீதி செய்கின்றது, யாரை நிழலில் விடுகின்றது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட ஐயர், 1880 இல் தியாகராச செட்டியாரின் உதவியினாற் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை முதன்முறையாகக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் ஐயர் வரிசையாக அடுக்கிச் சொல்ல, அவற்றால் என்ன பயன் என்று முதலியார் வினவினார். சீவகசிந்தாமணி முதலிய பழைய காவியங்களைப் படித்ததுண்டோ என்றும் கேட்டார். கற்றறிந்தவன் என்ற பெருமையோடு சென்ற இளம் ஆசிரியர் நாணிநின்ற அக்காட்சியை, எண்பது வயது கடந்த முதியவர் சிறிதும் மறையாமல் எழுதியுள்ளார். இஃது உற்று நோக்கற்பாலது. தம் வாழ்வின் பெரும்பணிக்கு மூலம் தம் அறிவன்று, மற்றொருவருடைய வினாவே என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றார். தன்வரலாறு எழுதுவோர் பலர் தம் வெற்றிக்கு வித்தைத் தம் உள்ளத்திலேயே தேடுவர். ஐயர் அதனை முதலியாரின் இல்லத்திலே காட்டுகின்றார்.

சிந்தாமணியோ சமண காவியம். ஐயரோ சைவ மடத்திற் பயின்றவர். நூலிற் பயின்றுவரும் சமண சமயக் கருத்துக்கள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலே சந்திரநாத செட்டியார் என்னும் சமணர் இல்லத்தை நாடிச் சென்று, அங்கே சிந்தாமணியைப் பரம்பரையாகப் படித்துவந்தோரிடம் ஐயங்களைத் தெளிந்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவும் உடனிருந்தது. சைவ மடத்தின் ஆதரவு ஒருபுறமும் சமண இல்லத்தின் விளக்கம் மறுபுறமுமாக ஒரு நூல் உருவாகி 1887 இல் வெளிவந்தது. சமயப் பூசல் மலிந்திருந்த அக்காலத்தில் இவ்வொற்றுமை எளிதில் வாய்த்ததன்று. தமிழ் என்ற ஒன்றே அவர்களை ஒருங்கிருத்தியது. ஐயர் இதனைக் கொள்கையாக முழங்கவில்லை. யார் வீட்டுக்குச் சென்றேன், யாரிடம் என்ன கேட்டேன் என்று நிகழ்ச்சியாகவே சொல்லிச் செல்கின்றார். அதனாலேயே அது படிப்போர் உள்ளத்திற் பதிகின்றது.

அடுத்துவந்த பதிப்புக்களிலும் இந்நிலையே தொடர்கின்றது. பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் வெளிவந்தன. மணிமேகலையின் பௌத்தக் கருத்துக்களைத் தெளிய ஐயருக்குத் துணைநின்றவர் ரங்காசாரியார். அவர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் கூற, ஐயர் அதனைத் தமிழ்ச் செய்யுளோடு பொருத்திப் பார்த்தார். பாரிசு நகரத்து அறிஞர் ஜூலியன் வின்சோன் கடிதத் தொடர்பு கொண்டார். திருமானூர்க் கிருஷ்ணையர் போன்ற மாணாக்கர் ஏடு படித்தும் படியெடுத்தும் ஒப்புநோக்கியும் உழைத்தனர். ஏட்டுப்பிரதி ஒன்றை ஒருவர் வாசிக்க, வேறு பிரதிகளைக் கையிற்கொண்டோர் பாடபேதங்களைக் குறிப்பது அக்காலப் பரிசோதனை முறை. ஒருவர் கண்ணும் ஒருவர் நாவும் ஒருவர் கையும் கூடினாலன்றி அது நடைபெறாது. ஆகவே, பதிப்பு என்பது இயல்பிலேயே கூட்டுத்தொழில் என்பது தேற்றம்.

உதவினோரை மட்டுமன்றி உதவாதாரையும் ஐயர் நினைவுகூர்கின்றார். ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் ஆகமவிதி என்று கருதி நெருப்பில் ஆகுதி செய்யப்பட்டமையை அறிந்து அவர் வருந்திய பகுதி, நூலிலேயே மிக உருக்கமான இடங்களில் ஒன்று. ஆயினும் அங்கும் எவரையும் கடிந்து பேசுதல் அவர் நோக்கமன்று. அறியாமையும் பக்தியும் ஒருங்கு கலந்தால் எத்தகைய இழப்பு நேரும் என்பதைக் காட்டி அமைகின்றார்.

இத்தகைய சிறப்புக்கள் உடைய நூலிலும் குறைகள் இல்லாமலில்லை. முதலாவது, அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த உரையாடல்கள் நேற்றுக் கேட்டனபோல வினாவும் விடையுமாக அமைந்துள்ளன. வார இதழின் வாசகருக்குச் சுவையூட்ட அம்முறை உதவியது உண்மையே. எனினும், அவற்றைச் சொல்லுக்குச் சொல் சான்றாகக் கொள்ளுதல் ஆராய்ச்சியாளருக்குத் தகாது. இரண்டாவது, மாணாக்கர் உழைப்பு நன்றியோடு குறிக்கப்படினும், எப்பகுதியில் யார் கண்ட திருத்தம் எது என்பது பெரும்பாலும் பிரித்தறியக்கூடாதவாறு ஆசிரியர் பெயரிலேயே அடங்கிவிடுகின்றது. மூன்றாவது, வரலாறு மணிமேகலைப் பதிப்பையடுத்த காலத்தோடு நின்றுவிடுகின்றது. 1942 இல் ஐயர் மறைந்தமையால், பரிபாடல் (1918), பெருங்கதை (1924), குறுந்தொகை (1937) முதலிய பதிப்புக்களின் கதை அவர் வாய்மொழியாக இந்நூலில் இடம்பெறவில்லை.

இவற்றினும் முக்கியமானது தாமோதரம்பிள்ளை பற்றிய பகுதி. அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராக வாழ்ந்த காலத்தில் இருவரும் பழகினர். சிந்தாமணியைப் பதிப்பிக்கும் விருப்பம் பிள்ளைக்கும் இருந்தது. ஐயரிடமுள்ள பிரதியை அவர் வேண்டினார். ஐயரோ தாமே பதிப்பிப்பது என்று துணிந்தார். இந்நிகழ்ச்சியை ஐயர் தம் மனத் தடுமாற்றத்தோடு சேர்த்தே எழுதியுள்ளார். பிள்ளையின் ஊக்கத்தையும் மறைத்தாரல்லர். ஆயினும் படிப்போர் கேட்பது ஒருபக்கத்து மொழியே. மறுபக்கத்தில் தன்வரலாறு இல்லை. 1901 இல் மறைந்த ஒருவர், நாற்பதாண்டு கழித்து எழுதப்பட்ட நூலுக்கு விடைகூற இயலாது.

இக்குறையை ஓரளவு நிரப்புவன பிள்ளையின் பதிப்புரைகள். வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), சூளாமணி (1889) முதலியவற்றுக்கு அவர் எழுதிய முன்னுரைகள், பின்னர் ‘தாமோதரம்’ என்ற பெயரில் 1971 இல் யாழ்ப்பாணத்திலே தொகுக்கப்பெற்றன. தொட்ட கையிலே ஏடு உதிர்ந்த துயரும், புழு அரித்த எழுத்தைக் கூட்டிப் படித்த அல்லலும் அவற்றிற் பேசப்படுகின்றன. 1868 இல் அவர் வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர் என்பதும் நினைக்கத்தக்கது. ஈழத்துப் பதிப்புமரபும் கூட்டுழைப்பிலேயே தோன்றியது என்பதற்கு அஃதொன்றே போதிய சான்று. பணி நடந்த சூட்டில் எழுதப்பட்டது பிள்ளையின் முன்னுரை; பணி கனிந்த முதுமையில் எழுதப்பட்டது ஐயரின் சரித்திரம். முன்னதிற் கவலையும் பின்னதில் அமைதியும் மிகுந்திருப்பது இயல்பே. இரண்டையும் ஒருங்குவைத்துப் படிப்போரே உண்மையை அணுகுவர். ஒன்றைமட்டும் படித்து ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துதல் இருவர்க்கும் இழைக்கும் அநீதியாம்.

இவ்வாராய்ச்சி வன்னிப் பெருநிலத்து மாணாக்கர்க்கு எவ்வாற்றான் உரியது எனின், கூறுதும். சிலப்பதிகாரம் 1892 இல் ஐயர் பதிப்பாக வெளிவருமுன்னரே, கண்ணகி இந்நிலத்திலே தெய்வமாக வாழ்ந்தவள். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரிலே விளக்கெரிகின்றது. முள்ளியவளை கோவலன் கூத்துக்குப் பேர்பெற்ற ஊர். அண்ணாவிமார் நாவிலும், கைமாறிக் கைமாறி எழுதப்பட்ட ஏடுகளிலும் கொப்பிகளிலுமே அக்கதை உயிர்வாழ்ந்தது. அவற்றைப் படியெடுத்தோர் பலரின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது கிடைத்தற்கரிய ஏடுகளும் அழிந்தன. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து அலைந்தபோது, வீட்டுப் பெட்டிகளில் இருந்த எழுத்துக்களைக் காவிச்செல்ல எத்தனை பேரால் இயன்றிருக்கும்? கரிவலம்வந்தநல்லூரில் ஐயர் கண்ட வெறும் இடத்தை, இந்நிலத்தார் தம் வீடுகளிலேயே கண்டவர்கள்.

ஆகவே, எஞ்சிய கூத்தையோ கும்மியையோ தாலாட்டையோ தொகுத்து அச்சிட முற்படுவோர், ‘என் சரித்திரம்’ காட்டும் நெறியைக் கடைப்பிடித்தலும், அது விட்ட குறையை நிரப்புதலும் கடன். கொப்பி யார் வீட்டது, பாடிக்காட்டிய பெரியவர் யார், எழுதியெடுத்த மாணவர் யார், ஐயம் தீர்த்தவர் யார், அச்சுக்குப் பணம் உதவியவர் யார் என்பன முன்னுரையில் ஐயமற இடம்பெறல் வேண்டும். பணி முடிந்து பல்லாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதலாம் என்று காத்திருத்தல் கூடாது. நினைவு தனக்கு அண்மையில் நின்றாரையே தெளிவாகக் காட்டும்.

நூலின் முகப்பில் ஒருவர் பெயரே பொறிக்கப்படும். அஃது அச்சுத்தொழிலின் வழக்கம். அப்பெயருக்குப் பின்னே நின்றாரை மறவாமல் உரைப்பதே பதிப்பாசிரியனின் அறம். ஐயர் அவ்வறத்தைப் பெரும்பாலும் காத்தார். காவாத இடங்களைக் கற்போர் கண்டு நிரப்புக.