மூன்று நிமிடக் கச்சேரி

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும். மிஞ்சினால் இன்னும் சில விநாடிகள். பன்னிரண்டு அங்குலம் என்றால் நாலரை நிமிடம் வரை வரும். மேடையில் வித்வான் தம்பூராவுக்குக் காது கொடுத்து, ஷட்ஜத்தைப் பிடித்து, தொண்டையைச் சரிசெய்துகொள்ளவே அவ்வளவு நேரம் போய்விடும். அந்தச் சிறிய அளவுக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டி, பல்லவி பாடி, அனுபல்லவிக்கு ஏறி, சரணத்தைத் தொட்டு, நாலு ஆவர்த்தனம் ஸ்வரமும் போட்டு முடித்தவர்கள் அன்றைய பாடகர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் அந்த அரக்குத் தட்டுகளைக் கேட்கும்போது எனக்கு முதலில் எழுவது வியப்பு. பழமை மீதான பாசம் அதற்குப் பிறகுதான். அந்த வியப்புக்குக் காரணமான நுட்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆசை.

தட்டிலிருந்தே தொடங்கலாம். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின்தான் அதன் உயிர்ப்பொருள். அதோடு கல்மாவும் புகைக்கரியும் சேர்த்துச் சூட்டில் பிசைந்து, அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. கரி நிறத்துக்கு. கல்மாவு எடைக்கும் வலுவுக்கும் என்று தோன்றும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. புதிய எஃகு ஊசியைத் தட்டின் விளிம்பில் வைத்தவுடன், முதல் சில சுற்றுகளிலேயே அந்த மாவு ஊசி முனையை அராவி, பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருந்தும்படி தீட்டிவிடும். பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் வெற்றுச் சுற்றுகளில் இந்தக் காரியம் ஓசையோடு நடந்து முடிகிறது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற விதி இதிலிருந்து வந்தது. ஒரு பக்கம் ஓடிய ஊசியின் முனை மழுங்கியிருக்கும். அதையே மறுபடி வைத்தால் அது தட்டைச் சிதைக்கும். பின்னணியில் இடைவிடாமல் கேட்கும் சரசரப்பும் இந்தக் கல்மாவின் குரலே.

ஊசியிலும் தரம் பார்த்தார்கள். மெல்லிய ஒலி, நடுத்தரம், உரத்த ஒலி என்று தனித்தனியாகச் சின்னத் தகர டப்பாக்களில் வந்தன. தடித்த ஊசி அதிர்வை அப்படியே கடத்தும். மெல்லிய ஊசி கொஞ்சம் விழுங்கிவிட்டுக் கொடுக்கும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் இல்லாத கருவியில், ஊசியைத் தேர்ந்தெடுப்பதே ரசிகனின் கைப்பக்குவம். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் ஒரு டப்பா, இரவில் தனியாகக் கேட்டால் வேறு டப்பா.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பள்ளம் ஒன்றே ஒன்று. விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவுக்கு வருகிறது. அதை நீட்டி வைத்தால் நூறு மீட்டரைத் தாண்டும். அந்தப் பள்ளம் இடமும் வலமுமாக நெளிகிறது. அந்த நெளிவுதான் பாட்டு. 1887இல் எமில் பெர்லினர் கண்ட வழி இது. 1925க்கு முந்திய பதிவுகளில் ஒலியைப் பிடிக்க மின்சாரம் தேவைப்படவில்லை. பாடகரின் மூச்சு புனலுக்குள் போய் ஒரு மெல்லிய சவ்வை அசைத்தது. சவ்வோடு சேர்ந்த கூர்முனை மெழுகில் கோடு கிழித்தது. மெழுகிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து அரக்குத் தட்டு. கேட்கும்போது அதே பயணம் திரும்ப நடக்கிறது: பள்ளம் ஊசியை ஆட்ட, ஊசி சவுண்டு பாக்ஸிலுள்ள அப்ரகத் தகட்டை ஆட்ட, தகடு காற்றை ஆட்டுகிறது. நூறு வருடத்துக்கு முன் ஒருவர் விட்ட மூச்சின் அசைவு, இடையில் எங்கும் மின்னொலியாக மாறாமல் நம் காதுக்கு வந்து சேர்கிறது. இந்த நேரடித் தன்மையை மிஞ்சிய ஒலிக்கருவி எதையும் நான் அறியேன்.

மெழுகில் திருத்தத்துக்கு இடமில்லை. தொண்டை பிசகினால் அந்த மெழுகு வீண். புதிதாக எடுத்து முதலிலிருந்து பாட வேண்டும். ஆகவே நம் கைக்கு வந்த ஒவ்வொரு பக்கமும் ஒரே மூச்சில், ஒரே இருப்பில் பாடப்பட்டது. வெட்டி ஒட்டியது எதுவும் இல்லை.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கவுஹர் ஜானைப் பதிவுசெய்தார். பாடி முடித்ததும் கவுஹர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில்; அங்கே இருந்த வேலையாட்களுக்குக் குரலை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. காரியத்துக்காகச் செய்தது. ஆனால் இன்று கேட்கும்போது, பாட்டின் கடைசிச் சங்கதி அடங்கியதும் கம்பீரமாக எழும் அந்த ஒரு வரியில், ஒரு கலைஞர் தம் வேலைக்குக் கையெழுத்துப் போடுகிற பெருமிதம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்தப் புனலுக்கு முன் தயங்காமல் வந்து நின்றவர்களில் பெண்களே முன்வரிசை. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி என்று லேபிளில் ஊரும் பேருமாக அச்சானவர்கள், பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். பெரிய வித்வான்கள் பலர் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் இந்தப் புது வித்தையைக் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். உச்ச ஸ்வரம் வரும்போது தலையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கீழே இறங்கும்போது புனலை நெருங்க வேண்டும். இல்லாவிட்டால் கூர்முனை தாவிவிடும், அல்லது எதுவுமே பதியாது. பாட்டுக்கு நடுவே இத்தனை கவனமும் தேவைப்பட்டது. தாயியின் ராகமாலிகைத் தட்டைக் கேட்டால் அந்தச் சிரமம் துளியும் தெரியாது. குரல் ஒரு ராகத்திலிருந்து அடுத்த ராகத்துக்கு மாறும் இடம் வழுக்கிக்கொண்டு போகும்.

அந்தத் தட்டு கடல் கடந்தும் வேலை செய்தது. மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தாயியின் பாட்டில் மனம் தோய்ந்து, 'ராகமாலிகா' என்ற பெயரிலேயே பியானோவுக்கு ஒரு படைப்பு எழுதினார். அதில் ஒரு தந்தியின் அடியில் அட்டைத் துண்டைச் செருகி வாசிக்கச் சொல்கிறார். நாதம் அடங்கி, தாளக்கருவியின் தட்டல் கேட்கும். பியானோவின் தந்திகளில் வேறு பொருளை வைத்து ஒலியை மாற்றும் முறைக்கு ஐரோப்பிய இசையில் இது மிக முந்திய எடுத்துக்காட்டு. கோவைப் பெண் ஒருவரின் மூன்று நிமிடத் தட்டுகள் அங்கே வரை போயிருக்கின்றன.

1925இல் ஒலிப்பதிவுக்கு மைக் வந்தது. அதுவரை உரத்த குரலுக்கு மட்டும் திறந்திருந்த கதவு மெல்லிய நாதத்துக்கும் திறந்தது. இதன் அருமை தெரிய வீணை தனம்மாளைக் கேட்க வேண்டும். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமை வாசிப்புக்கு வந்தவர்கள் மூச்சுவிடும் ஓசையும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். அவ்வளவு மெல்லிய வாசிப்பு. புனலை வைத்திருந்தால் அந்த நாதம் மெழுகை எட்டியே இருக்காது. 1930களில் பதிவான தட்டுகளில் ஒரு மீட்டுக்குப் பிறகு தந்தியை இழுத்து இழுத்து அவர் எடுக்கும் கமகங்கள், நாதம் தேயத் தேய, தட்டின் சரசரப்புக்குள் போய் மறையும் விளிம்புவரை கேட்கின்றன. அந்த விளிம்பைக் கூர்ந்து பின்தொடர்வதே ஒரு தனி ரசனை.

எஸ்.ஜி.கிட்டப்பாவின் தட்டுகள் இதற்கு நேர் எதிர்முனை. செங்கோட்டையில் 1906இல் பிறந்து, 1933இல் 27 வயதில் மறைந்தவர். மேடையில் அவரைக் கேட்டவர்கள் இன்று இல்லை. அந்தக் குரல் நமக்குக் கிடைப்பது தட்டில்தான். மேல் ஸ்தாயியில் எந்தத் தயக்கமும் இல்லாமல் போய் நின்று, அங்கிருந்து பிருகாக்களை உதிர்த்தபடி இறங்கும் வேகம் அவருடையது. அவருடைய 'எவரனி' கீர்த்தனையைக் கேட்டால், குறைந்த நேரம் என்ற நெருக்கடியே அந்த வேகத்துக்குச் சாணை பிடித்ததோ என்று தோன்றுகிறது. எம்.எஸ்.சுப்புலட்சுமியும் 1926இல், பத்து வயதுச் சிறுமியாக, தட்டின் வழியேதான் முதலில் ஊரறிந்தார்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். என் ரசனையின் மையம் இதுதான். வெண்பா எழுதுகிறவன் தளை தட்டாமல் சொல்லைத் தேர்வதுபோல், தட்டுக்குப் பாடியவர் சங்கதியைத் தேர்ந்தார். மேடையில் பல்லவிக்கு எட்டுச் சங்கதி பாடுகிறவர் இங்கே மூன்றுதான் பாட முடியும். எந்த மூன்று? முதல் சங்கதி வரியைத் தெளிவாக நிறுத்த வேண்டும். இரண்டாவது அதைத் திறக்க வேண்டும். மூன்றாவது அனுபல்லவிக்குப் படிக்கட்டாக வேண்டும். ராகத்துக்கு அரை நிமிடம் கிடைத்தால், அதன் உயிரான பிடி முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும். கீர்த்தனை இரண்டு பக்கத்துக்கு நீண்டால், முதல் பக்கம் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். நடு வரியில் அறுக்காமல், பல்லவிக்குத் திரும்பி, கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட இசைவான இடமாகப் பார்த்து நிறுத்தியிருப்பார்கள். அந்த இடைவெளியையும் பாட்டின் அமைப்புக்குள் சேர்த்துக்கொண்ட திறமை அது. இரவு முழுவதும் வீதியில் தோடியை விரித்தவர் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அதே தோடியைத் தட்டில் அவர் வாசித்ததைக் கேட்கும்போது, சுருக்கப்பட்டது என்ற எண்ணமே வருவதில்லை. மூன்று நிமிடத்துக்கும் ஒரு முழுமை இருக்கிறது.

இனி, தட்டை ஓட்டும் கிராமபோன் பெட்டி. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் உள்ளே வில் இறுகும். அது தளர்கிற வேகத்தைச் சீராக வைப்பது, சுழலும் சிறு எடைகள் பூட்டிய ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. வேகம் கூடினால் எடைகள் விரிந்து தடையை அழுத்தும். வில் முற்றும் தளர்ந்துவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும். நிமிடத்துக்கு நாலைந்து சுற்று குறைந்தாலே சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கும். யாராவது எழுந்து சாவி கொடுப்பார்கள். பாடகரின் சுருதி மறுபடி மேலேறும். பழைய பதிவுகளின் வேகமும் எப்போதும் 78ஆக இருந்ததில்லை. ஆகவே அந்தப் பாடகர் உண்மையில் எத்தனை கட்டையில் பாடினார் என்று தட்டுச் சேகரிப்பவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். வேகத்தை நூலளவு நகர்த்தி, குரல் இயல்பாக ஒலிக்கும் இடத்தைக் காதால் கண்டுபிடிப்பது அவர்களுடைய வித்தை.

தட்டு கச்சேரியோடு நிற்கவில்லை. புராண நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட 'செட்'டாக வந்தன. வசனம், பாட்டு, விகடம் எல்லாம் மூன்று மூன்று நிமிடக் காட்சிகளாகப் பிரிந்தன. பின்னாளில் படமெடுத்த ஏ.வி.மெய்யப்பன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளைக் கொண்டுவந்தவர். சினிமாப் பாட்டுக்கு மூன்று, மூன்றரை நிமிடம் என்று ஏற்பட்ட அளவும் தட்டு விட்டுச்சென்ற சொத்து. பல்லவி, இடையிசை, இரண்டு மூன்று சரணம் என்று இன்றும் நம் காது எதிர்பார்க்கும் அந்த அமைப்பு, பத்து அங்குல அரக்கின் எல்லைக்குள் உருவானது. 1960களிலும் இந்தியாவில் 78 வேகத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே அப்படி வெளியாயின. அதற்குப் பிறகு இசைக்கு நேரக்கட்டுப்பாடு தளர்ந்தது. நீளப் பாடும் சுதந்திரம் பெரிய வரம். ஆனால் எதை விட்டுவிடலாம் என்று முடிவுசெய்யும் ஆற்றலை அந்தத் தட்டுகளைப் போலக் கண்டிப்பாகக் கற்றுத்தந்த ஆசான் பிறகு வரவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தத் தட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் அலமாரி அடித்தட்டில். உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். வெயிலும் சூடும் படாமல் பாருங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே வேண்டாம்: ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். லேபிளில் உள்ள பெயர், ராகம், தாளம், எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தக்க கருவி உள்ள ஒருவரிடம் கொடுத்து ஒலியை ஒருமுறை பதிந்து வாங்குங்கள். பிறகு உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அது கேட்பது உங்களுடைய மூன்று நிமிடம்தான்.