குழுவை நடத்துபவர்: யாலோமின் நூலும் காஞ்சிபுரத்து ஆற்றுப்படுத்துநரும்

குழு உளச்சிகிச்சையை நடத்துவோருக்குப் பயிற்சி அளிக்கும் இடங்களில் பெரும்பாலும் முதலில் கையில் எடுக்கப்படும் நூல் அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் எழுதியதாகும். ‘குழு உளச்சிகிச்சையின் கோட்பாடும் நடைமுறையும்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் 1970இல் முதன்முதலாக வெளிவந்த அந்நூலின் ஆறாம் பதிப்பு, மோலின் லெஷ் என்பாரை இணையாசிரியராகக் கொண்டு 2020இல் வந்தது. ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நின்ற ஒரு நூலைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிகளுக்கும் திருச்சபையின் மருத்துவமனைக்கும் நடுவே பணியாற்றப்போகும் ஒரு போதகரோ ஆற்றுப்படுத்துநரோ இந்நூலைத் துணையாகக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம், எவ்விடத்தில் அதைக் கீழே வைக்கவேண்டும் என்பதே நம் வினா.

இத்துறை திருச்சபைக்கு அந்நியமானதன்று என்பதை முதலில் நினைவுகூர்வது நலம். 1905இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர் ஏழைக் காசநோயாளரை வாரந்தோறும் ஒன்றுகூட்டி நடத்திய வகுப்பையே இம்முறையின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் கொள்வர். அதற்கு ஆதரவளித்தது அந்நகரின் இம்மானுவேல் ஆலயம். நம் நாட்டிலோ, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பிராங்க் லேக், பின்பு உளமருத்துவத்தின்பால் திரும்பி, 1958 முதல் இங்கிலாந்தில் குருமாருக்கென மருத்துவ இறையியல் கருத்தரங்குகளை நடத்தினார். அதே வேலூரில் கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தல் மையம் 1970களின் தொடக்கம் முதல் போதகருக்கும் பொதுநிலையினருக்கும் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. ஆகவே மேலைநாட்டுச் சரக்கென்று இதை ஒதுக்கிவிட நமக்கு வழியில்லை.

யாலோமிடத்தில் நாம் பெரிதும் மதிப்பது, நடத்துநரைப் பற்றிய அவரது கண்டிப்பு. தேர்ந்தவர் நடத்தும் குழுவை உடனிருந்து காணுதல், தாம் நடத்தும் முதற்குழுக்களை மூத்தவர் ஒருவரின் மேற்பார்வைக்கு உட்படுத்துதல், தாமே ஒரு குழுவில் உறுப்பினராயிருத்தல், தம் உள்ளத்தைத் தாமே ஆராய உதவி பெறுதல் ஆகிய நான்கும் இன்றி ஒருவர் குழுவை நடத்தத் துணியலாகாது என்கிறார். இது வெறும் ஏட்டு விதியன்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவரிடையே நடந்த சந்திப்புக் குழுக்களை அவர் லீபர்மன், மைல்ஸ் ஆகியோருடன் ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட நூலில், பங்குபெற்றோரில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பேர் நீடித்த உளக்காயம் அடைந்தனர் என்று காட்டினார். அத்தகையோர் மிகுதியாகக் காணப்பட்டது எங்கே? கவர்ச்சியும் வேகமும் மிக்க, உறுப்பினரைத் துருவித் துளைத்து உணர்ச்சியை வெளிக்கொணர்ந்த தலைவர்களின் குழுக்களில். நம் எழுப்புதல் கூட்டங்களை அறிந்த எவரும் இப்பக்கங்களைப் படித்தபின் சற்று நேரம் நூலை மூடி வைப்பர்.

எனினும் யாலோமின் குழு, அந்நியர்களின் குழு. ஏழெட்டுப் பேர், முன்பின் அறியாதவர்கள், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடிப் பிரிவர். வெளியே தங்களுக்குள் உறவு ஏற்பட்டால் அதைக் குழுவுக்குள் கொண்டுவந்து பேசவேண்டும். காஞ்சிபுரத்தில் அந்நியர் ஏழெட்டுப் பேரை எங்கே தேடுவது? அதிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துச் சீர்செய்கையில் பக்கத்து வீட்டாரும் கைகொடுக்கும் ஊர் அது. ஒருவர் தம் கடனைப் பற்றி வாய்திறந்தால், அந்தக் கடனைக் கொடுத்த முதலாளியின் மைத்துனர் அடுத்த நாற்காலியில் இருக்கக்கூடும். சொன்ன சொல் பொழுது சாயுமுன் முதலாளியை எட்டும். அடுத்த பாவு வராமல் போகும். முன்பணம் என்னும் கயிறு இவ்வூரில் எத்தனை உறுதியானது என்பதையும், அது பட்டுத்தொழிலில் பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டியதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. இரகசியம் காத்தலை யாலோம் ஒழுக்கநெறியாகப் பேசுகிறார். இங்கே அது உலை ஏறுவதைப் பற்றிய வினாவாகவும் இருக்கிறது. எனவே யாரை யாருடன் அமர்த்துவது என்பதைத் தீர்மானிக்குமுன் யார் யாரிடம் வேலை பெறுகிறார், யார் யாருக்குச் சம்பந்தி முறை என்று விசாரித்தறிவதும் ஆற்றுப்படுத்துநரின் பயிற்சியில் ஒரு பாடமாக வேண்டும். சாதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டதனாலேயே சமத்துவம் வந்துவிடாது. யார் நாற்காலி இருந்தும் நின்றார், தேநீரை யார் வேண்டாமென்றார் என்பவற்றைக் காணக் கண் பழகவேண்டும்.

குடும்பத்தைப் பற்றிய அவரது கருத்தும் இங்கே தடுமாறுகிறது. ஒருவர் சிறுவயதில் தம் வீட்டில் பட்டதைக் குழுவுக்குள் மறுபடி நடத்திக் காட்டுவார்; அதைத் திருத்தலாம் என்பது யாலோமின் ஆழ்ந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று. ஆனால் நெசவாளருக்குக் குடும்பம் கடந்தகாலச் செய்தியன்று. கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு ஊடும் இழையுமாகக் கோக்கப்பட வேண்டும். ஒருவர் கையால் அது ஆகாது. மனைவி நூல் சுற்ற, மகன் கரையின் நாடாவை எறிய, தந்தை நெய்வார். மூவரும் நாள் முழுவதும் ஒரே குழியின் அருகில். 1990களின் பிற்பகுதி முதல் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்தபின் மகன் அங்கே வேலைக்குப் போனால், தந்தை இழப்பது மகனின் அருகாமையை மட்டுமன்று. தம் தறியின் மறு கையை. அவருடைய துயரத்தைச் சிறுபருவ நினைவுகளில் தேடுகிற ஆற்றுப்படுத்துநர் கண்ணெதிரே உள்ளதைக் காணாதவராவார்.

‘இங்கே, இப்பொழுது’ என்பது யாலோமின் தாரக மந்திரம். உறுப்பினர் ஒருவரோடொருவர் கொள்ளும் உணர்வை அந்த நொடியிலேயே சொல்லவேண்டும். நம் பெண்கள் அப்படிப் பேசுவதில்லை. “பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு நெஞ்சை அடைக்கிறதாம்” என்றே தொடங்குவர். இதை எதிர்ப்பு என்று கணித்து, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று இடைமறிக்கும் மாணவரை நாம் பயிற்சி வகுப்புகளில் கண்டிருக்கிறோம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை அவர் துரத்திவிட்டார். அவளோடு வந்தவளும் எழுந்து போய்விட்டாள். பொறுத்திருந்தால் மூன்றாம் வாரத்திலோ நான்காம் வாரத்திலோ ‘அவள்’ என்பது ‘நான்’ ஆகும். ஆகாமலே போனாலும் ஆறுதல் கிடைக்கும்.

உகாண்டாவில் நடந்த ஒரு முயற்சி இங்கே நமக்கு யாலோமைக் காட்டிலும் நெருங்கியதாகத் தோன்றுகிறது. அங்கே 30 கிராமங்களைத் தெரிந்தெடுத்து, 15இல் மட்டும், பட்டம் பெறாத உள்ளூர்வாசிகள் இரண்டு வாரப் பயிற்சிக்குப்பின் 16 வாரங்கள் குழு நடத்தினர். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். 2003இல் வெளிவந்த முடிவுப்படி, சிகிச்சைக்குப்பின் மனச்சோர்வு நோயின் இலக்கணத்துக்கு உட்பட்டவர் குழு நடந்த கிராமங்களில் நூற்றுக்கு 6.5, மற்றவற்றில் 54.7. இதைக் கேட்டவுடன் இரண்டு வாரம் போதுமென்று களிகூர்ந்து சான்றிதழ் அச்சடிக்கப் புறப்படுவோர் உண்டு. அவர்கள் காணத் தவறுவது வேறு: நடத்துநருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வரம்பு இருந்தது, இழப்புத் துயரம், பிணக்கு, வாழ்நிலை மாற்றம் போன்ற சிலவற்றையே அவர்கள் எடுத்தனர், மேற்பார்வை தொடர்ந்தது, நோய்க்கு அவ்வூரார் தம் மொழியில் வழங்கிய பெயர்களையே ஆய்வாளர் முதலில் தேடிக் கற்றனர். நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் கூடாரங்களை அடித்து, நோயாளரோடு அவர்தம் குடும்பத்தாரையும் தங்கவைத்து, அனைவரையும் கூட்டிப் பேசினார். உறவினரை வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்த அந்த வழி யாலோமின் வழிக்கு நேர்மாறு. காஞ்சிக்கு ஏற்றதும் அதுவே என்று கருதுகிறோம்.

இனி, நம்மவரின் தனிப்பட்ட இடர் ஒன்று. அது யாலோம் எண்ணிப் பார்த்திராதது. குழுவில் ஒருவர் அழுகிறார், அனைவரும் மௌனம். இறையியல் மாணவர் என்ன செய்வார்? கண்களை மூடி, “ஜெபிப்போம்” என்பார். ஜெபம் முடிந்ததும் அழுதவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்வார். சொல்ல வந்தது தொண்டையிலேயே தங்கிவிடும். மௌனத்தைத் தாங்க இயலாமையே இத்தகைய ஜெபங்களுக்குப் பெரும்பாலும் காரணம் என்று துணிந்து சொல்லுகிறோம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் வாய்திறவாது அமர்ந்திருந்த மட்டும் நல்ல துணைவராயிருந்தனர். சாட்சிக் கூட்டத்தின் பழக்கமும் இதனோடு சேர்கிறது. சாட்சி வெற்றியில் முடிந்தாக வேண்டும். குடியை விட்டேன், கடன் தீர்ந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். குழுவுக்கு வருபவரோ முடியாத கதையோடு வருகிறார். அதை முடியாததாகவே பேச அவருக்கு இடம் வேண்டும். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுல், மூன்று வசனம் தாண்டி அவரவர் தம் பாரத்தைச் சுமப்பார் என்பதையும் சொல்லுகிறார். கிரேக்கத்தில் அவை இரு வேறு சொற்கள். எதை எடுத்துச் சுமப்பது, எதை அவரிடமே விடுவது என்று பிரித்தறிதல் வகுப்பறையில் வேதவிளக்கமாக மட்டும் கற்கக்கூடியதன்று.

அதனால்தான் மேற்பார்வையை நாம் வற்புறுத்துகிறோம். காஞ்சியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குழு நடத்தும் மாணவர் இரு வாரத்துக்கொருமுறை சென்று மூத்தவரோடு அமர்ந்து வரலாம். நம் கல்லூரிகளின் கால அட்டவணையில் பிரசங்கப் பயிற்சிக்கு வாரந்தோறும் இடமுண்டு. மாணவர் பிரசங்கிக்க, ஆசிரியரும் உடன்மாணவரும் கேட்டுக் குறைநிறை சொல்வர். குழுவில் தாம் என்ன பேசினோம், எங்கே பேசாதிருக்கத் தவறினோம் என்று சொல்லிக் கேட்டறிய அத்தகைய ஒரு மணி நேரம் அதே அட்டவணையில், அதே மதிப்பெண்ணோடு, அமைய வேண்டும்.