நைசாக இருக்கச் சொல்லும் ஊரில்

எதையும் பாராட்டக் கைகொடுக்கும் ஆங்கிலச் சொல் 'நைஸ்'. அதன் வேர், 'அறியாத' என்று பொருள்படும் லத்தீன் சொல். இடைக்கால ஆங்கிலத்தில் அது மூடரைக் குறித்தது. பிறகு நுணுக்கத்தைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற பொருள் நிலைத்தது. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் கேத்தரின் இச்சொல்லை ஒரு புத்தகத்துக்குச் சொல்ல, ஹென்றி கேலி செய்கிறான். பெண் பாராட்டினாலும், சொல் சரியா என்று சொல்ல ஓர் ஆண் வந்துவிடுகிறான்.

நம் பேச்சில் இச்சொல்லுக்கு வேறு இரண்டு வேலைகள். 'மாவு நைசா இருக்கு' என்றால் பாராட்டு. அது மாவுக்குப் போகிறது, அரைத்த கைக்கு அல்ல. 'நைசா காரியத்தை முடிச்சிட்டா' என்றால் குற்றச்சாட்டு. அதையே ஆண் செய்தால் சாமர்த்தியம்.

எது அந்தக் காரியம்? கூலியில் ஐம்பது ரூபாயை முந்தானையில் முடிந்துவைப்பது. மகளின் கல்லூரி விண்ணப்பத்தை வீட்டில் சொல்லாமல் அனுப்புவது. வெளிப்படையாகக் கேட்க முடிந்தவளுக்கு நைசு தேவையில்லை. கேட்கும் வழியை அடைத்துவிட்டு, சுற்றி வந்தவளைக் கள்ளி என்கிறோம்.

பெரம்பலூரும் அரியலூரும் அரைப்பது என்றால் என்னவென்று அறிந்த மாவட்டங்கள். அங்கே மக்காச்சோளம் மாவாகிறது. இங்கே சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆகிறது. நைசாக அரைபடும் பொருளுக்கு விலை உண்டு. ஆனால் கல் லாரிகள் கிளப்பும் நைசான தூசியைத் தண்ணீர்க் குடத்திலிருந்தும் கொடியில் காயும் துணியிலிருந்தும் அகற்றுகிற வேலைக்குக் கூலி இல்லை, பாராட்டும் இல்லை.

பெண்ணையும் அப்படியே அரைக்கப் பார்க்கிறோம். குரல் உயரக் கூடாது, கேள்வி உறுத்தக் கூடாது. அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும், நீட் தேர்வு மருத்துவக் கல்லூரிக் கதவை அடைத்தபோது, 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் சுற்றி வரவில்லை, நேராகக் கேட்டார். அந்தக் கதவு திறக்கவில்லை. அந்த ஆண்டே அவரை இழந்தோம்.

நைசாகக் கேட்டால் கள்ளி, நேராகக் கேட்டால் கதவடைப்பு. இனி ஒரு பெண்ணை நைசாகப் பேசச் சொல்லும் முன், அவள் நேராகக் கேட்டபோது என்ன கொடுத்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.