உப்புக்காற்றுக்கு மசியாத வெள்ளை

தூத்துக்குடியின் பழைய வீடுகளில் யாராவது பீரோவைத் திறந்து தாத்தாவின் பாக்கெட் வாட்சை எடுத்து நீட்டினால், நான் முதலில் பார்ப்பது டயலை. ஓடுகிறதா என்ற கேள்வியெல்லாம் பிறகுதான். நின்றுபோனதை ஓடவைக்கக் கைதேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கெட்டுப்போன டயலைப் பழையபடி ஆக்க ஒருவராலும் முடியாது.

கடிகாரத்துக்கு ஆகாத ஊர் இது. கடலும் உப்பளமும் சேர்ந்து அனுப்பும் காற்று, சன்னல் கம்பியையே செதில் செதிலாக உதிர்த்துவிடும்; மெல்லிய எஃகு முள் எம்மாத்திரம்? வெள்ளி பூசிய பித்தளை டயல்கள் இங்கே கரும்புள்ளி விழுந்து கிடக்கின்றன. எனாமல் டயல் மட்டும் நூறு வருஷம் கழித்தும் வெள்ளை மாறாமல் நிற்கிறது. அது கண்ணாடி என்பதே காரணம். மெல்லிய செப்புத் தகட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பொடியைப் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் உருக்குவார்கள். யார் கண்ணிலும் படாத பின்பக்கத்துக்கும் எதற்கு எனாமல் என்றால், ஒரு பக்கம் மட்டும் உருக்கினால் ஆறும்போது தகடு வளைந்து எனாமல் வெடித்துவிடும். எண்களை எழுதியபின் மறுபடியும் சூளை. எழுத்தும் கண்ணாடியோடு உருகி ஒன்றாகிவிடுவதால் உப்பு பிடிக்க அங்கே இடமில்லை. நல்ல டயலில், நொடிமுள் சுற்றும் சின்ன வட்டத்தைத் தனியாகச் செய்து சற்றே பள்ளமாகப் பதித்திருப்பார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு நிழல் விழும் பாருங்கள், அதற்காகவே ஒரு வாட்சை வாங்கலாம்.

இவ்வளவு வாட்சுகள் இந்தக் கரைக்கு வர வழியும் இருந்தது. 1876-இல் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறிக் கொழும்பு போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் வந்து அந்தப் போக்குவரத்தைத் தனுஷ்கோடிக்கு இழுத்துக்கொண்டது. ரயில் ஓடியது மதராஸ் நேரப்படி. தூத்துக்குடியில் சூரியன் உச்சிக்கு வரும்போது மதராஸ் நேரத்தில் பன்னிரண்டு தாண்டி ஏறக்குறைய எட்டரை நிமிடம் ஆகியிருக்கும். அதனால் நிழலைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்பினால் ரயில் போயிருக்கும். 1906-இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது முள் இன்னும் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்தக் காலத்து டயல்களில் வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய், கல்கத்தா என்று எழுதியிருக்கும். சிலவற்றில் மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ். உள்ளிருக்கும் எந்திரம் சுவிட்சர்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்தாலும், டயலில் விற்றவர் பெயர்தான்.

எனாமலுக்கு எதிரி உப்பல்ல, கைதவறுதல். கீழே விழுந்தால் தலைமுடி போல விரிசல் ஓடும். நாளடைவில் அதில் அழுக்கேறிக் கறுத்துவிடும். டயலைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் மெல்லக் கழுவினால் கறுப்பு போய்விடும்; விரிசல் இருக்கும், கண்ணை உறுத்தாது. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் சில கடைப்பெயர்கள் சூளைக்குப் போகாமல் மேலே எழுதப்பட்டவை. கவனிக்காமல் ஊறப்போட்டால் பெயர் தண்ணீரோடு போகும்.

இதை விட்டுவிட்டு, டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, எண்களை அச்சடித்துக் கொடுக்கும் வேலை இருக்கிறதே, அதை என்னால் பொறுக்க முடிவதில்லை. 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றுபோன கரை இது. மங்கிய முத்தின் மேல்தோலை உரித்துப் பார்க்கும் துணிச்சல் முத்துத் தொழிலில் உண்டு. உரித்தால் உள்ளே இன்னொரு தோல், அதிர்ஷ்டம் இருந்தால் முன்னதைவிட ஒளியோடு. டயலைச் சுரண்டினால் செம்புதான் வரும்.

முட்களின் விஷயம் வேறு. அங்கே கைவேலைக்கு இடமுண்டு. துருவை நீக்கி, மெருகேற்றி, பித்தளைத் தூள் பரப்பிய தட்டில் வைத்து, ஸ்பிரிட் விளக்கில் சூடேற்றுவார்கள். எஃகு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, ஊதா. 300 டிகிரியை நெருங்கும்போது அந்த நீலம் வரும். ஒரு கணம் தாமதித்தால் சாம்பல் நிறம். மறுபடி தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நீலம் பூச்சு அல்ல, எஃகின் மேல் தானே படியும் மெல்லிய ஆக்ஸைடு படலம். நிழலில் கறுப்பாக இருந்து, வாட்சைச் சாய்த்ததும் சட்டென்று நீலமாகும். வெள்ளை எனாமலின்மேல் அதைப் பார்த்தபின் நீலப் பெயிண்ட் அடித்த முள்ளைப் பார்க்க மனம் வராது.

வெள்ளிக் கூட்டைக் கொடுக்கும்போது வீட்டார் சொல்வது ஒன்றே: “அண்ணாச்சி, பளபளன்னு ஆக்கித் தந்துருங்க.” பஃப் சக்கரத்தில் ஒரு நிமிடம் பிடித்தால் பளபளக்கும்தான். முதுகில் எந்திரத்தால் செதுக்கிய மெல்லிய அலைக்கோடுகள் கரையும். உள்ளே குத்திய முத்திரை மழுங்கும். மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பாருங்கள்: மூன்று குட்டிக் கரடிகள் இருந்தால் சுவிஸ் முத்திரை, ஆயிரத்தில் 935 பங்கு வெள்ளி. பிரிட்டிஷ் சந்தையை மனத்தில் வைத்து 1887-இல் வந்தது அது. கறுப்பை மென்துணியால் எடுத்தால் போதும். செதுக்கலின் பள்ளத்தில் கொஞ்சம் கறுப்பு தங்குவதுதான் அழகு, கோடுகள் எழுந்து தெரிவது அதனால்தான். முலாம் பூசிய கூடாக இருந்தால், முலாம் தேய்ந்து பித்தளை தெரியும் இடங்களையும் நான் விட்டுவிடச் சொல்வேன். பெரும்பாலும் அது மூடியைத் திறக்கும் கட்டைவிரல் பட்ட இடம்.

காட்சிக்கு வைப்பதில் வெல்வெட் பெட்டி மோகத்தை விடவேண்டும். சில துணிகளும் பசைகளும் விடும் கந்தக ஆவியில் வெள்ளி கறுக்கும். சில மரங்களின் ஆவி உலோகத்தை அரிக்கும். கடலைப் பார்த்த சன்னலோரமும் கூடாது. கண்ணாடிக் குமிழுக்குள், அடியில் சிலிக்கா ஜெல் பையோடு, வெயில் படாத அலமாரியில் வைக்கலாம். மழைக்காலத்தில் பையை மாற்ற மறக்கக் கூடாது. பித்தளைக் கொக்கியில் தொங்கவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓடுகிற வாட்ச் அப்படித் தொங்கினால், உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஆடும் ஆட்டத்துக்கு எதிராட்டமாக மொத்த வாட்சும் ஆடத் தொடங்கி, நேரம் தப்பும். முதுகு சாய்ந்து உட்காரும் மரத்தாங்கியில் வைத்துச் சாவி கொடுங்கள். அதுவும் எண்ணெய் மாற்றிய வாட்சாக இருந்தால் மட்டும்.