ஜயன்ட் ரோபோவைக் கூத்துக் கண்ணால் பாருங்கள்

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ‘ஜயன்ட் ரோபோ’ பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது ஆகிறது. அதே தொடரை இன்று செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு, “அட, இதையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்!” என்று சிரிக்கிறார்கள். ரோபோ என்பது வேஷம் மாட்டிய ஓர் ஆள். இடிந்து விழும் கட்டடம் அந்த ஆளின் இடுப்பு உயரம்கூட இல்லை. உற்றுப் பார்த்தால் பறக்கும்போது கம்பியும் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். களம்பூர், ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்து ஆட்கள் சிரித்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். மரக்கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், “இது மரம்தானே” என்று எவரும் சொல்வதில்லை. “துரியோதனன் வந்துட்டான்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கண்தான் ‘ஜயன்ட் ரோபோ’ போன்ற ஜப்பானிய ராட்சத நாயகர்களைப் பார்க்கவும் வேண்டும். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைத் தொடர்களின் முன்னோடிகளில் ஒன்று ‘அல்ட்ராமேன்’. 1966 ஜூலையில் தொடங்கி 1967 ஏப்ரலில் முடிந்தது, 39 பகுதிகள். எடுத்தது எய்ஜி சுபுராயாவின் நிறுவனம். 1954-ல் வந்த முதல் ‘காட்ஜில்லா’ படத்துக்குத் தந்திரக் காட்சிகள் செய்தவரும் அவரே. அல்ட்ராமேன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தோயெய் நிறுவனம் 1967 அக்டோபரில் இறக்கியதுதான் ‘ஜயன்ட் ரோபோ’, 26 பகுதிகள். கதை, மிட்சுதெரு யோகோயாமாவின் படக்கதை. அங்கே டைசாகு என்ற பெயரில் வந்த பையன், ஆங்கிலக் குரலுக்கு மாறியபோது ஜானி சாக்கோ ஆனான். நம் ஊருக்கு வந்தவன் இந்த ஜானிதான். கைக்கடிகாரத்தில் பேசினால் முப்பது மீட்டர் ரோபோ ஓடி வரும். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் வெறும் மணிக்கட்டை வாயருகே வைத்துக்கொண்டு தெருவில் கத்தினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அன்றைக்குக் கம்பத்தில் கட்டிய ஆன்டெனாவில், புள்ளி புள்ளியாகக் கொட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தில் கம்பி தெரியவில்லை. இன்று துடைத்துச் சுத்தம் செய்த பிரதிகள் கிடைக்கின்றன. கூடவே கம்பியும், முதுகில் ஜிப்பும், ரப்பர் மடிப்பும் வந்துவிட்டன. பலருக்கு இது ஏமாற்றம். எனக்கோ இப்போதுதான் ரசிக்க வழி பிறந்திருக்கிறது என்று தோன்றுகிறது. செய்த கை தெரிந்தால்தானே வேலையைப் பாராட்ட முடியும்?

முதலில் கனத்தைக் கவனியுங்கள். நாற்பது மீட்டர் உயரமுள்ள அல்ட்ராமேனுக்குள் இருப்பவர் ஆறடி ஆள். அதாவது, ஏறக்குறைய இருபத்திரண்டில் ஒரு பங்கு. அவர் குதித்தால் சட்டென்று தரைக்கு வந்துவிடுவார். ஆனால் மலை உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் அது இறங்க நேரமாகும். இதற்குக் கணக்கு உண்டு: உதாரணமாக, அளவு இருபத்தைந்து மடங்கு என்றால், நேரம் அதன் வர்க்கமூலமான ஐந்து மடங்கு நீள வேண்டும். அதனால் கேமராவை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, சாதாரண வேகத்தில் திரையிடுவார்கள். அந்த மந்தமான அசைவில்தான் கனம் பிறக்கிறது. வேகம் சரியாக அமைந்த காட்சியில் ஓட்டுக்கூரை தூசி கிளப்பிக்கொண்டு நிதானமாகச் சரியும். அமையாத காட்சியில் பொம்மை வீடு பொம்மை வீடாகவே உடையும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி ரசனை கைக்கு வந்துவிட்டது.

இன்னொரு குறிப்பு: தண்ணீரைப் பாருங்கள். கட்டடத்தைச் சிறிதாகச் செய்யலாம், ரயிலைச் செய்யலாம், மரத்தையும் செய்யலாம். தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியாது. கடலிலிருந்து ராட்சதம் எழும் காட்சியில் துளிகள் புளியங்கொட்டை போலப் பெரிதாகத் தெரிந்து, அது கடல் இல்லை, குட்டை என்பது வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஜயன்ட் ரோபோவின் முதல் பகுதியிலேயே கடல் ராட்சதம் வருகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, உள்ளே இருக்கும் ஆள். இவர்களைத்தான் நாம் மறந்தே போகிறோம். முதல் காட்ஜில்லா உடையின் எடை ஏறக்குறைய நூறு கிலோ. அதற்குள் நின்ற ஹருவோ நகாஜிமா, ராட்சதம் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள விலங்குக்காட்சி சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அல்ட்ராமேன் வேஷம் கட்டியவர் பின் ஃபுருயா. சண்டைக்கு நிற்கும்போது அவர் முதுகைக் கூனி, கைகளை முன்னால் நீட்டி, பதுங்கிய மாதிரி நிற்பார். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் ஒரு படத்தில் கத்திச் சண்டைக்கு நின்ற தோரணையிலிருந்து அதை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த அல்ட்ராமேன்கள் பலர் நெஞ்சை நிமிர்த்தி வீரமாக நிற்பார்கள். எனக்கு என்னவோ அந்த முதல் கூனல்தான் பிடிக்கும். இந்தப் பூமி தன் ஊர் இல்லை என்ற தயக்கம் அந்த முதுகில் இருக்கிறது.

முகத்தில் எதுவும் இருக்காது, இருக்க முடியாது. அல்ட்ராமேனை உருவாக்கிய ஓவியர் தோரு நரிதா, புத்தர் சிலைகளில் இருப்பதுபோல் இருந்தும் இல்லாததுமான ஒரு புன்னகையை மட்டும் வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டார். நெஞ்சில் மினுக்கும் விளக்குகூட அவர் விரும்பிச் சேர்த்ததல்ல. 2022-ல் வந்த ‘ஷின் அல்ட்ராமேன்’ படத்தில் அந்த விளக்கையே எடுத்துவிட்டார்கள். ரோபோவின் முகமோ எகிப்து மன்னர் சிலைபோல, தலையணியோடு உறைந்து கிடக்கும். உறைந்த முகத்தில் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? கழுத்து சாயும் கோணத்திலிருந்து. வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் முகம் கடுகடுக்கும். தலை சற்றுக் குனிந்தால் சோகமாகும். அரிதாரம் அப்பிய கூத்து முகத்தில் புருவ நெளிவைக் கடைசி வரிசைக்காரர் பார்க்கவா முடிகிறது? அவர் பார்ப்பது தோளை, கால் வைப்பை, சுழன்று ஆடும் கிறிக்கியை. இங்கேயும் அதையே பாருங்கள்.

‘ஒவ்வொரு வாரமும் ஒரே கதை’ என்பது அடுத்த புகார். உண்மைதான். ராட்சதம் வரும், ஊர் ஓடும், துப்பாக்கி பலிக்காது, பையன் கடிகாரத்தைத் தூக்குவான். அல்ட்ராமேனில் ஹயாதா என்ற இளைஞன் கையிலிருக்கும் சிறு குழலை வானத்தை நோக்கி உயர்த்துவான். உருமாறிய பிறகு அவனுக்குப் பூமியில் மூன்றே நிமிடம். இதைக் குறை என்று சொல்கிறவர், கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க அதன் பின்னால் நின்று வேஷக்காரர் பாடிவிட்டு வெளியே வருவதையும் குறை என்றுதான் சொல்ல வேண்டும். கர்ணன் சாவான் என்று தெரியாமலா ‘கர்ண மோட்சம்’ பார்க்க ஊரே உட்கார்ந்திருக்கிறது? என்ன நடக்கும் என்பது முடிந்துபோன விஷயம். இன்றைக்கு எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் சுவை.

முறை அப்படி நிலைத்துவிட்டதால் அதை மீறும்போது அடி பலமாக விழுகிறது. அல்ட்ராமேனின் 34-ம் பகுதியில் ஹயாதா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஓடி வந்து, வழக்கம்போல் கையை உயர்த்துவான். கையில் இருப்பது குழல் இல்லை, குழம்புச் சோறு தின்ற கரண்டி. முந்தைய பகுதிகளைப் பார்க்காதவருக்கு இது சாதாரண நகைச்சுவை. பார்த்தவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இந்த 34-ம் பகுதியை இயக்கிய அகியோ ஜிஸ்ஸோஜி என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கை வைத்த பகுதிகள் தனி ரகம். 23-ம் பகுதியில் வரும் ஜமிலா என்ற ராட்சதம் ஒரு காலத்தில் மனிதன். விண்வெளிக்குப் போன வீரன். அவனை அனுப்பிய நாடு வெளியே சொல்லாமல் கைவிட்டுவிட்டது. தண்ணீரில்லாத கோள் ஒன்றில் உருக்குலைந்து, பழிவாங்கப் பூமிக்கு வருகிறான். அவனைக் கொல்லும் ஆயுதம் தண்ணீர்! சேற்றில் கிடந்து அவன் துடிக்கும்போது பின்னணியில் குழந்தை அழுவதுபோல் ஒரு குரல் கேட்கும். நாயகன் ஜெயிக்கிறான், பார்க்கிறவருக்குக் கை தட்டத் தோன்றாது. 35-ம் பகுதியில் அதே ஜிஸ்ஸோஜி இன்னும் ஒரு படி போகிறார்: இதுவரை கொன்ற ராட்சதங்களுக்கெல்லாம் படம் வைத்து ஹயாதாவின் படை வீரர்கள் நினைவுச் சடங்கு நடத்துகிறார்கள்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் பார்த்தவர்களுக்கு இது அந்நியமே அல்ல. கோயில் வெளியில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மலைபோல் வடித்து வண்ணம் பூசுவார்கள். பதினெட்டாம் போரன்று பகலில் பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடை பிளந்து சிவப்பு நீர் வழியும். திரௌபதி கூந்தல் முடிவாள். அதோடு முடியாது, செத்துக் கிடக்கும் துரியோதனனுக்கும் ஒப்பாரி உண்டு. அந்த மண்ணை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைக்கிறவர்களும் உண்டு. எதிரியின் உடம்பை ராட்சத அளவில் செய்து, வீழ்த்தி, அதற்காகவே அழுவதை இந்த வட்டாரம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறது. புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்ற கூத்து வாத்தியார்கள் பிறந்த இந்த மாவட்டத்துக்கு ஜமிலாவைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஜப்பானியருக்கு இந்த அழுகை வந்த வழி வேறு. 1945-ல் அணுகுண்டில் இரண்டு நகரங்கள் எரிந்தன. 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் காட்ஜில்லா வந்தது. ஜயன்ட் ரோபோவைச் சிறுபிள்ளைக் கதை என்று நினைக்கிறவர்கள், அது எப்படி உயிர் பெறுகிறது என்பதை இன்னொரு முறை பாருங்கள்: அணுகுண்டு வெடிப்பில்தான் அதற்குச் சக்தி ஏறுகிறது. ஹிரோஷிமா நடந்து இருபத்திரண்டே ஆண்டில், அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிய நல்ல ராட்சதத்தின் வயிற்றில் அணு. அதைத் துணிச்சல் என்பதா, விபரீதம் என்பதா? நான் துணிச்சல் என்பேன்.

எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜயன்ட் ரோபோவின் நடுப்பகுதிகள் பல இழுவை. சின்னப் பையன் துப்பாக்கியால் ஆட்களைச் சுட்டுத் தள்ளுவது இன்று உறுத்துகிறது. இரண்டு தொடரிலுமே பெண்களுக்கு வேலை குறைவு. ஆங்கிலக் குரல்கள் சில இடங்களில் கூத்துக்கே கேலிக்கூத்து. ஜப்பானிய மொழியிலேயே பார்ப்பது நல்லது. மொழி புரியாவிட்டாலும் கதை புரியும். ஒன்று மட்டும் ரோபோவுக்குச் சாதகமாகச் சொல்வேன்: அதன் எதிரிகளில் சிலருக்கு ஆள் வேஷமே கிடையாது. உருண்டு வரும் ராட்சதக் கோளம், வெறும் ஒரு கண், வெறும் ஒரு கை. உடை தைக்காமலே பயமுறுத்தும் அந்தக் கற்பனை அல்ட்ராமேனில்கூட அதிகம் இல்லை.

பார்க்கும் வரிசை இது: அல்ட்ராமேனில் 2, 23, 26, 27, 34, 35, பிறகு கடைசியான 39. இடையிடையே ஜயன்ட் ரோபோ, முதலிலிருந்து. ஒரே ராத்திரியில் போட்டு முடிக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கம்பி தெரிந்தால் அவர்களே காட்டிக் கொடுப்பார்கள். அடுத்த நிமிடம் மறந்தும் விடுவார்கள்.

ரோபோவின் 26-ம் பகுதியை மட்டும் அவசரப்பட்டு முதலில் பார்க்காதீர்கள். அந்தப் பையனின் குரலுக்கு மட்டுமே கட்டுப்பட்ட ரோபோ, அதில்தான் முதன்முறையாக அவன் சொல்லைக் கேட்காமல் போகிறது. ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. முந்தைய இருபத்தைந்தில் பாதியாவது பார்த்துவிட்டு அங்கே போங்கள்.