புது இசைக்கு ஒரு மாலை போதுமா?

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் கார்னீலியா ஸ்ட்ரீட் கஃபே என்றொரு உணவகம் இருந்தது. 1977இல் தொடங்கியது, வாடகை கட்டுப்படியாகாமல் 2019 புத்தாண்டோடு மூடப்பட்டது. 1981இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோல்ட் ஹாஃப்மன், அதன் நிலவறை அரங்கில் மாதந்தோறும் அறிவியலையும் கலையையும் ஒரே மேடையில் ஏற்றிவந்தார். நரம்பியலாளரும் இசையமைப்பாளருமான டேவ் சல்சரும் அதில் கைகொடுத்தார். அறிவியல், புது இசை, உளவியல் என்று கலந்து தரும் இத்தகைய மாலைகள் இன்னும் பெருக வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனாலேயே, மூன்றில் இசைதான் பெரும்பாலும் தோற்கிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாலைகளின் பெரிய பலம், கேட்பவரின் காதே சான்றாகிவிடுவது. உளவியலாளர் டயானா டாய்ச் 1995இல் தன் குரல்பதிவைச் சரிபார்க்கும்போது ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பேச்சு மெல்லப் பாட்டாக மாறியது. ஒலியில் எதுவும் மாறவில்லை. மாற்றம் கேட்பவர் மனத்தில் நடந்தது. இதை ஏட்டில் படித்தால் வெறும் செய்தி. அரங்கில் கேட்டவரோ, முழு வாக்கியத்தையும் மறுபடி கேட்கும்போது அந்த ஓர் இடம் மட்டும் பாட்டாய் எழுவதைத் தாமே உணர்வார். உரையாளரை நம்ப வேண்டிய தேவையே இல்லை.

இசையும் அறிவியலும் நிஜமாகவே ஒன்றான தருணங்களும் உண்டு. 1965இல் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர், இயற்பியலாளர் எட்மண்ட் டூவனின் உதவியோடு, தலையில் மின்முனைகளைப் பொருத்தி அசையாமல் அமர்ந்தார். மூளையின் ஆல்ஃபா அலைகள் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கிகளை அதிரவைத்தன; அவற்றோடு சேர்ந்து தாளக்கருவிகள் முழங்கின. மனம் ஓய்ந்து அமைதியானால்தான் அந்த அலை எழும். வாசிக்க முயன்றால் வாசிக்க முடியாது! இதற்கு விளக்கவுரை தனியாக வேண்டாம்.

இப்படி அமைவது அரிது. வழக்கமாக இரண்டு உரைகளுக்கு நடுவே பத்து நிமிடம் இசை வரும். பிறகு உளவியலாளர் எழுந்து, நாம் இப்போது உணர்ந்தது என்னவென்று சொல்லிவிடுவார். கேட்டது மனத்தில் படியுமுன் விளக்கம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விளக்கம் சுருங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். 1993இல் 36 மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு, மொசார்ட்டின் இசையைக் கேட்டபின் இடஞ்சார்ந்த சிந்தனைச் சோதனைகளில் சில நிமிடங்களே நீடித்த முன்னேற்றத்தைக் காட்டியது. குழந்தைகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆயினும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். மேடைக்காகச் சுருக்கும்போது முதலில் உதிர்வது இத்தகைய வரம்புகள்தாம். அவற்றை மீட்க வாய்ப்பு கேள்வி நேரத்தில்தான்; அதைக் குறைக்கும் அமைப்பாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புது இசைக்கு வேண்டியது விளக்கத்தைவிட மறுமுறை கேட்பதுதான். 1918இல் வியன்னாவில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் தொடங்கிய தனி இசைக் கழகத்தில் கைதட்டக் கூடாது, விமர்சகர்களுக்கு அனுமதியில்லை. ஆனால் கடினமான படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அந்தக் கெடுபிடி உணவக அரங்குக்கு ஒவ்வாது, யாரும் நுழையலாம் என்பதுதானே அதன் அழகு. மறுவாசிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உரைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. அதற்காக ஓர் உரையைக் கைவிட்டாலும் நஷ்டமில்லை.