பலர் கூடி ஆக்கும் நாடகம் : பசிபிக்கா எழுத்துருக் குழுக்கள் பற்றிய ஒரு நோக்கு

நாடக எழுத்துரு ஒருவரது தனியறையிற் பிறந்து, அங்கேயே முழுமை பெற்ற பின்னர் அரங்குக்கு வருவது என்னும் கருத்து அச்சுப் பண்பாட்டோடு வலுப்பெற்ற ஒன்றாகும். பசிபிக் தீவக மக்களின் நாடகக் குழுக்கள் இதற்கு மாறானதொரு வழியை நாடியுள்ளன. எழுதியவர் தமது முதற்படியைக் கூட்டத்தில் வைப்பதும், கூடியிருப்போர் அதனை வாய்விட்டு வாசித்துக் குறைநிறை உரைப்பதும், எழுதியவர் அதனை மீண்டும் எழுதுவதும் இவ்வழியின் படிமுறைகள். இதனைக் கூட்டுறவின் வெற்றி என்று போற்றிவிடுதல் எளிது. ஆயின், கூடியிருந்து ஆக்குவதனால் நாடகம் உண்மையிலேயே சிறப்படைகின்றதா, எந்நிலையிற் சிறப்படைகின்றது என்னும் வினாக்களே திறனாய்வுக்குரியன.

இக்குழுக்கள் தோன்றிய சூழல் முதலில் நோக்கற்பாலது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நியூசிலாந்தின் தொழிற்சாலைகள் உழைப்பாளரை வேண்டி நின்றன. சமோவா, தொங்கா, குக் தீவுகள், நியுவே, தொக்கெலாவ் முதலிய தீவுகளிலிருந்து மக்கள் அங்கு குடிபெயர்ந்தனர். இவர்களும் இவர்தம் வழித்தோன்றல்களும் இன்று ‘பசிபிக்கா’ என்னும் பொதுப்பெயராற் சுட்டப்படுகின்றனர். பெயர் ஒன்றாயினும் மொழிகள் பல, வழக்காறுகள் பல. புகுந்த நாட்டின் மேடைகளில் இம்மக்களுக்குரிய பாத்திரங்கள் அரிதாகவே இருந்தன. எனவே நடிக்க விரும்பியோர் தாமே எழுதவும் வேண்டியவராயினர். 1993இல் கிறைஸ்ற்சேர்ச் நகரில் ‘பசிபிக் அண்டர்கிரவுண்ட்’ என்னும் குழு உருவானமைக்கு இத்தேவையே அடிப்படை எனலாம். ஹவாயில் இதற்கொரு முன்னோடி உண்டு. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழக மாணவர் சிலர் பேராசிரியர் டெனிஸ் கரல் என்பாருடன் சேர்ந்து ‘குமு கஹுவா’ அரங்கினைத் தொடங்கினர். உள்ளூர் எழுத்தாளரின் நாடகங்களை மேடையேற்றுவதே அதன் நோக்கமாயிற்று. பெரிய நாடகசாலைகள் கதவடைத்த இடத்திற் சிறு குழு கதவாகின்றது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

பசிபிக் அண்டர்கிரவுண்ட் குழுவின் தொடக்க நாடகமான ‘ஃபிரெஷ் ஓஃப் த போட்’, ஒஸ்கார் கைற்லி, சைமன் ஸ்மோல் ஆகிய இருவரும் இணைந்து எழுதியது. சமோவாவிலிருந்து புதிதாக வந்திறங்கும் உறவினர் ஒருவரும், நியூசிலாந்தில் வேரூன்றிவிட்ட குடும்பமும் ஒரு கூரையின்கீழ் எதிர்ப்படுவதே அதன் கரு. வில்சோனி ஹெரெனிக்கோவும் தெரேசியா தெயாய்வாவும் சேர்ந்தெழுதிய ‘லாஸ்ற் வேர்ஜின் இன் பரடைஸ்’ அதே 1993இல் வெளிவந்தது. பசிபிக் தீவொன்றில் மாசற்ற மணமகளைத் தேடிவரும் ஐரோப்பியனை அது எள்ளி நகையாடுகின்றது. 2004இல் மேடையேறிய ‘நியு சீலா’வில் கைற்லி, வெள்ளையினத்தவரான டேவ் ஆம்ஸ்ரோங்குடன் இணைந்தார், சமோவச் சிறுவனுக்கும் வெள்ளையினச் சிறுவனுக்குமிடையிலான நட்பே அதன் பொருள். பின்னைய இரண்டிலும் ஒருவர் அறியாததை மற்றவர் அறிந்திருந்தமை கவனிக்கத்தக்கது. பெண்ணுடல் பற்றிய ஆண்களின் கற்பனையைச் சாடும் நாடகத்தில் ஒரு பெண்ணின் கையும், இரு வீடுகளின் கதையில் இரு வீட்டாரின் கையும் இருந்தன. கூட்டாக்கம் பயன்தருவது இத்தகைய இடங்களிலேயே. ஒரே அனுபவமுடைய பதின்மர் கூடினும் அங்கு கேட்பது ஒரு குரலே. வேறுபட்ட இருவர் கூடின் அங்கு உரையாடல் பிறக்கின்றது.

ஆயினும் இக்குழுக்கள் எதிர்நோக்கும் இடர் ஒன்று உண்டு. சமோவ வாழ்வில் மூத்தோரை மதித்தல் தலையாய அறம். பெரியவர் பேசுகையில் இளையவர் குறுக்கிடார். குடும்பத்துக்கும் திருச்சபைக்கும் இழுக்கு நேரும் சொல்லைப் பொதுவிற் சொல்லார். இவ்வறத்திற் பழகியோர் வட்டமாக அமர்ந்து புதிய எழுத்துருவொன்றை வாசிக்கும்போது, வயதில் மூத்தவரின் மூன்றாங் காட்சி தளர்ந்து கிடக்கின்றது என்று சொல்பவர் யார்? ‘இது நம்மவர் கதை’ என்னும் பெருமிதம் இதனுடன் சேர்ந்துகொள்ளும்போது இடர் இரட்டிப்பாகின்றது. நீண்டகாலம் பேச வாய்ப்பின்றி இருந்த சமூகமொன்றில் எவர் எதை எழுதினும் கைதட்டத் தோன்றுதல் இயல்பே. ஆனாற் கைதட்டலால் எந்த எழுத்துருவும் திருந்தியதில்லை. புகழ்ச்சி மட்டுமே வழங்கும் குழு, எழுத்தாளனைக் காப்பதாக எண்ணிக்கொண்டு நாடகத்தைக் கைவிடுகின்றது.

திறனாய்வு மேலைநாட்டுச் சரக்கு, தீவக மரபுக்கு அது ஒவ்வாதது என்று இதற்குச் சமாதானம் கூறுதல் கூடும். அக்கூற்று மரபினை அறியாக் கூற்றாகும். சமோவாவில் ‘ஃபாலே அயித்து’ என வழங்கும் நகைநாடக மரபொன்று உண்டு. ‘ஆவிகளின் இல்லம்’ என்பது அதன் பொருள். அதில் நடிப்போன் பேசுவது அவன் பேச்சாகக் கொள்ளப்படுவதில்லை. ஆவியின் பேச்சாகவே கொள்ளப்படும். ஆதலின் தலைவரையும் போதகரையும் அவையறிய எள்ளும் உரிமை அவனுக்கு வாய்க்கின்றது. றொற்றுமாத் தீவின் திருமண விழாக்களிலும் முதிய பெண்ணொருத்தி கோமாளியாக நியமிக்கப்பட்டு, விழா முடியும்வரை குலத்தலைவர்களையே ஏவி ஆட்டுவிப்பாள். இவ்வழக்காற்றை ஆராய்ந்து 1995இல் நூலாக்கியவர் மேற்குறித்த நாடகாசிரியரான ஹெரெனிக்கோவே. மதிப்பினைக் குலையாமற் குறையைச் சொல்வதற்கு இம்மரபுகள் ஓர் இடத்தையும் நேரத்தையும் வகுத்துக் கொடுத்துள்ளன. எழுத்துருக் குழுவின் வாசிப்பு வட்டமும் அத்தகைய ஓர் இடமாதல் வேண்டும். அங்கு அமர்ந்திருக்கும் வரை மூத்தோர், இளையோர் என்னும் வேறுபாடு எழுத்துருவின் முன் செல்லாது என்ற உடன்பாடே அதன் முதல் விதியாகும்.

அவ்வுடன்பாடு ஏற்பட்டபின் குழு செய்யக்கூடியவை பல. எழுதியவர் வாய்மூடிக் கேட்டிருக்க, பிறர் பாத்திரங்களைப் பகிர்ந்து வாசிக்கும்போது, தாளில் மிடுக்காகத் தோன்றிய வசனம் நாவிற் புரளாமற் போவது வெளிப்படும். சமோவமும் ஆங்கிலமும் கலந்து வரும் உரையாடலில் எச்சொல் எவ்வயதினர் வாயில் வரும் என்பதைப் பலர் செவி கொண்டே தீர்மானித்தல் இயலும். எங்கே சிரிப்பு எழுகின்றது, சமோவம் அறிந்தோர் மட்டும் சிரிக்கின்றனரா, அறியாதோரும் உடன் சிரிக்கின்றனரா என்பனவும் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் மீள எழுதும் வேலை எழுதியவருக்கே உரியது. கூட்டத்தாரின் யோசனைகளையெல்லாம் ஒட்டுப்போட்டால் எல்லாரையும் திருப்திப்படுத்தும், எவரையும் தொடாத நாடகமே எஞ்சும்.

குழுவின் எல்லையை உணர்த்துவது ஜோன் கினூபூல் எழுதிய ‘திங்க் ஒஃப் எ கார்டன்’. அமெரிக்க சமோவாவிற் பிறந்து, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் எழுதிப் பின் ஊர் திரும்பிய கினூபூல், 1992இல், அந்நாடகம் மேடையேறிய காலத்தையொட்டி மறைந்தார். 1929ஆம் ஆண்டு, மேற்குச் சமோவாவின் விடுதலை இயக்கத் தலைவர் தமசேசே நியூசிலாந்துக் காவலரின் துப்பாக்கிக்கு இலக்கான காலம், அதன் களம். அக்கொந்தளிப்பினைக் கலப்பினக் குடும்பமொன்றின் சிறுவனது தனிமையினூடே அது காட்டுகின்றது. கினூபூல் தாமும் அத்தகைய குடும்பத்திற் பிறந்தவரே. அத்தனிமையை எந்தக் குழுவும் ஆக்கித் தந்திருக்க இயலாது.

எனினும் தனியொருவர் நாணிப் பேசாதிருந்ததைப் பேசவைக்கும் ஆற்றல் குழுவுக்கு உண்டு. 1970களில் நியூசிலாந்துக் காவலர் விடியற்பொழுதில் வீடுகளுட் புகுந்து, விசாக்காலம் கடந்து தங்கியோரைத் தேடினர். காலங்கடந்து தங்கியோருள் மூன்றிலொரு பங்கினரே தீவக மக்கள். வழக்குத் தொடரப்பட்டோருள் அவர்களே 86 வீதத்தினர் என்பது 1980களிற் செய்யப்பட்ட ஆய்வுகளிற் புலனாயிற்று. பல குடும்பங்கள் அதனை மானக்கேடாகக் கருதி மறைத்தன. கைற்லி எழுதிப் பசிபிக் அண்டர்கிரவுண்ட் 1997இல் மேடையேற்றிய ‘டோன் றெய்ட்ஸ்’ அம்மௌனத்தை உடைத்தது. ஹவாய்க்காரர் என வேடமிட்டுப் பாடும் சமோவ இசைக்குழுவினரும், தன்னினத்தாரையே பிடிக்கச் செல்லும் சமோவக் காவலனும் அதில் இடம்பெறுகின்றனர். தம்மவரைத் தூயோராக மட்டும் காட்டாமையே அந்நாடகத்தின் வலிமை. அரசு இத்தேடுதல்களுக்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது 2021 ஓகஸ்ற் முதலாந் திகதியிலாகும். 2022இல் அந்நாடகம் ஒக்லாந்தில் மீண்டும் மேடை கண்டது. அரசு வாய்திறப்பதற்கு 24 ஆண்டுகளின் முன்னரே ஒரு சிறு குழு அவ்வுண்மையை எழுத்துருவாக்கி மேடையில் வைத்திருந்தது.

ஆகவே, பசிபிக்கா நாடகக் குழுவொன்றின் தரத்தை அதன் உறுப்பினர் தொகையாலோ ஒற்றுமையாலோ அளத்தல் பொருந்தாது. அங்கு இளையவர் ஒருவர் மூத்தவரின் எழுத்துருவை நோக்கி ‘இக்காட்சி உண்மையன்று’ எனச் சொல்ல முடிகின்றதா, சொன்னபின்னும் இருவரும் அடுத்த வாரம் அதே வட்டத்தில் அமர்கின்றனரா என்பவையே அளவுகோல். இவையிரண்டும் கைகூடிய குழுவிலிருந்தே தன் மக்களின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே பேசும் நாடகம் பிறத்தல் கூடும்.